ஆலோசனைப் பெட்டி மட்டும் போதாது: சிறு தொழிலில் புது யோசனைகளை வளர்க்கும் வழி

பத்துப் பேரோ நாற்பது பேரோ வேலை செய்யும் பட்டறை, பேக்கரி, பனியன் யூனிட், அச்சகம். அப்பாவிடமிருந்து இப்போதுதான் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கலாம். சூப்பர்வைசராக இருந்த உங்களை மேனேஜர் ஆக்கியிருக்கலாம். "ஏதாவது புதுசா செய்யணும்" என்ற நினைப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது, எங்கே ஆரம்பிப்பது என்றுதான் பிடிபடவில்லை. அப்படி இருப்பவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

யோசனைக்குப் பஞ்சம் உள்ள தொழிலிடத்தை நான் பார்த்ததில்லை. பஞ்சமெல்லாம் பதிலுக்குத்தான். எந்த டூல் சீக்கிரம் மழுங்குகிறது, எந்த சப்ளையர் அனுப்பும் கம்பியில் பிசிறு அதிகம் என்பது லேத்தில் நிற்பவருக்குத் தெரியும். என்றோ ஒருநாள் சொல்லியும் இருப்பார். "பார்க்கலாம்" என்ற பதில் வந்திருக்கும், அதற்குப் பிறகு ஒன்றும் நடந்திருக்காது. அதோடு அவர் சொல்வதை நிறுத்தியிருப்பார். கீழே நான் சொல்லும் எல்லா வேலையும் அவரைத் திரும்பப் பேச வைப்பதற்காகத்தான்.

தொழிலாளர்களிடம் யோசனை கேட்பது நேற்று வந்த பழக்கம் அல்ல. ஸ்காட்லாந்தில் டம்பார்ட்டன் ஊரில் கப்பல் கட்டிய வில்லியம் டென்னி 1880-லேயே இதற்குப் பரிசுத் திட்டம் வைத்திருந்தார். அமெரிக்காவில் கோடாக் நிறுவனம் 1898-ல் தொடங்கிய திட்டத்தில் முதல் பரிசு 2 டாலர். வேலை செய்யும் இடத்தில் வெளிச்சம் வர ஜன்னல் கண்ணாடிகளைக் கழுவ வேண்டும் என்று ஒரு தொழிலாளி சொன்னதற்குக் கிடைத்தது அது. உங்களுக்கு வரப்போகும் முதல் யோசனையும் இந்த அளவில்தான் இருக்கும். அதை மதிப்போடு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் படி: தொல்லையைக் கேளுங்கள்

"புது ஐடியா ஏதாவது இருக்கா?" என்று கூட்டத்தில் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பெரிதாக எதையோ எதிர்பார்க்கிறார் என்று பயந்து ஒதுங்கிவிடுவார்கள். தொல்லையைக் கேட்டால் பேச்சு தானாக வரும்.

ஒரு ஷிப்ட் முழுக்க வேலை நடக்கும் இடத்தில் இருங்கள். கையில் சின்ன நோட்டு போதும். யார் எதைத் தேடி எழுந்து போகிறார், எந்த டப்பா பாதை நடுவில் கிடக்கிறது, எந்தப் பொருளை ஒருமுறை இறக்கி வைத்துத் திரும்பவும் தூக்குகிறார்கள் என்று பாருங்கள். பிறகு டீ நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "அண்ணே, இந்த வேலையில எது உங்களுக்கு எரிச்சலா இருக்கு?" "எதை ரெண்டு தடவை செய்ய வேண்டியிருக்கு?" "புதுசா வர்ற பையன் எந்த இடத்துல தப்பு பண்றான்?" இந்த மூன்று கேள்வியே ஒரு வாரத்துக்கு வேலை கொடுக்கும்.

வாடிக்கையாளரிடமும் இதே வழிதான். 1920-களில் அமெரிக்காவின் 3எம் நிறுவனம் உப்புத்தாள் விற்றுக்கொண்டிருந்தது. ரிச்சர்ட் ட்ரூ என்ற இளம் ஊழியரின் வேலை, செயின்ட் பால் நகரத்துக் கார் பெயின்ட் கடைகளுக்கு உப்புத்தாளைக் கொண்டுபோய்ச் சோதிப்பது. அப்போது இரண்டு வண்ணக் கார்கள் நாகரிகமாக இருந்தன. ஒரு வண்ணத்தை மறைக்க ஒட்டிய தாளைப் பிரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து உரிந்து வந்தது. பெயின்டர்கள் திட்டுவதைக் கேட்டவர், உரிக்காமல் பிரியும் டேப் ஒன்று செய்து தருவதாகச் சொன்னார். 1925-ல் மாஸ்கிங் டேப் வந்தது. உப்புத்தாள் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வந்திருந்தால் அந்த டேப் பிறந்திருக்காது. டெலிவரிக்குப் போகும் உங்கள் டிரைவர் வாடிக்கையாளர் இடத்தில் பார்ப்பதை உங்கள் விற்பனை ஆள்கூடப் பார்ப்பதில்லை. வண்டி திரும்பியதும் அவரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள்.

இரண்டாம் படி: தொல்லையின் வேரைத் தேடுங்கள்

கையில் பத்துப் பதினைந்து தொல்லைகள் சேர்ந்திருக்கும். ஒன்றை மட்டும் எடுங்கள். "தரம் சரியில்லை" என்று எழுதினால் எதுவும் ஆகாது. "மூன்றாம் நம்பர் மெஷினில் மதிய ஷிப்டில் ரிஜெக்‌ஷன் அதிகம்" என்று எழுதினால் கையில் பிடிக்க ஏதோ இருக்கிறது.

டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் தைச்சி ஓனோ. ஐந்து முறை "ஏன்" கேட்கும் பழக்கத்துக்கு அவர் கொடுத்த உதாரணம் எந்தப் பட்டறைக்கும் பொருந்தும். மெஷின் நின்றுவிட்டது. ஏன்? லோடு ஏறி ஃபியூஸ் போய்விட்டது. ஏன் லோடு ஏறியது? பேரிங்குக்கு ஆயில் போதவில்லை. ஏன் போதவில்லை? ஆயில் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை? பம்பின் ஷாஃப்ட் தேய்ந்து ஆடுகிறது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத் தூள் உள்ளே போயிருக்கிறது. முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் ஃபியூஸை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள், அது திரும்பவும் போயிருக்கும். ஒரு வடிகட்டி போட்டால் தீரும் விஷயம் அது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "ஏன்" என்று கேட்கும் இடத்தில் "யார்" என்ற கேள்வி நுழைந்துவிடக் கூடாது. "யார் ஆயில் விடலை?" என்று கேட்ட நொடியிலிருந்து வரும் பதில்கள் எல்லாம் தற்காப்புப் பதில்கள்தான்.

மூன்றாம் படி: முதலில் எழுதட்டும், பிறகு பேசட்டும்

எல்லாரையும் உட்காரவைத்து மனதில் தோன்றுவதைச் சொல்லச் சொல்லும் பிரெய்ன்ஸ்டார்மிங் முறையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரத் துறைக்காரர். யார் சொன்னதையும் உடனே குறை சொல்லக் கூடாது, எண்ணிக்கை நிறைய வரட்டும், ஒருவர் சொன்னதன் மேல் இன்னொருவர் கட்டலாம் என்ற அவர் விதிகள் இன்றும் நல்லவை. ஆனால் 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனையில், நான்கு பேர் கூடிப் பேசியபோது வந்ததைவிட, நான்கு பேர் தனித்தனியே யோசித்து எழுதியதைச் சேர்த்தபோது அதிக யோசனைகள் வந்தன. காரணத்தை ஊகிக்க முடியும். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது தன் யோசனை மறந்துபோகிறது, அல்லது சொல்லத் தைரியம் போகிறது. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: முதலாளி ஒரு பக்கம் சாய்ந்து பேசிவிட்டால் கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

அதனால் தாளில் தொடங்குங்கள். 1960-களின் இறுதியில் பெர்ன்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் சொன்ன முறை எளிமையானது. ஆறு பேர் வட்டமாக உட்கார வேண்டும். ஒவ்வொருவரும் ஐந்து நிமிடத்தில் மூன்று யோசனை எழுதிப் பக்கத்து ஆளிடம் தாளைக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் அதைப் படித்து அதன் கீழே இன்னும் மூன்று எழுத வேண்டும். தாள் ஒரு சுற்று வந்தால் அரை மணி நேரத்தில் 108 வரிகள். அதில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத் திரும்பச் சொல்வதாகத்தான் இருக்கும், பரவாயில்லை. கணக்காகப் பத்து உருப்படி கிடைத்தாலும் அந்த அரை மணி நேரம் வீண் இல்லை.

எழுதக் கூச்சப்படுபவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. அவர்களை எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பட்டும், படம் வரையட்டும், மெஷின் பக்கத்தில் நின்று கையால் காட்டட்டும். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இன்று கோவையிலும் திருப்பூரிலும் ஒடியா, வங்காளி, இந்தி பேசும் தொழிலாளர்கள் இல்லாத யூனிட் குறைவு. தமிழில் மட்டும் நடக்கும் கூட்டத்தில் அவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை வைத்துத் தனியாகக் கேளுங்கள். வேறு ஊரில், வேறு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். அங்கே எப்படிச் செய்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

பேசும் கட்டத்துக்கு வரும்போது வரிசையை மாற்றுங்கள். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் பேசட்டும், மூத்த மேஸ்திரி பிறகு, நீங்கள் எல்லாருக்கும் கடைசியில்.

நான்காம் படி: ஒரு வாரத்துக்குள் பதில்

மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் செய்தாலும் பலன் இருக்கும்.

சுவரில் பூட்டுப் போட்ட பெட்டி மாட்டுவது எளிது. மாட்டிய வாரம் நாலைந்து சீட்டு விழும். சாவி ஆபீஸில் இருக்கும், ஆபீஸில் நூறு வேலை இருக்கும். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் உள்ளே மிட்டாய்க் காகிதம் கிடக்கும். பெட்டி வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எல்லாரும் போய்வரும் இடத்தில், தண்ணீர் கேன் பக்கத்திலோ அட்டெண்டன்ஸ் வைக்கும் இடத்திலோ, ஒரு வெள்ளைப் பலகை வையுங்கள். நான்கு கட்டம் போடுங்கள்: என்ன யோசனை, யார் சொன்னது, யார் செய்து பார்ப்பது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கால் மணி நேரம் பலகை முன் நின்று எல்லா வரிக்கும் பதில் எழுதுங்கள்.

பதில் "ஆமாம்" என்றுதான் இருக்க வேண்டும் என்று இல்லை. "இந்த வருஷம் பணம் இல்லை, ஏப்ரலில் பார்ப்போம்" என்பதும் பதில். "இதைச் செய்தால் கஸ்டமர் கேட்கும் அளவு மாறிவிடும், அதனால் முடியாது" என்பதும் பதில். முடியாது என்பதை நேரில் போய், காரணத்தோடு சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர் அடுத்த தடவை அதைத் தாண்டி யோசித்துக்கொண்டு வருவார். நான் கண்டவரை, மறுக்கப்பட்டவர்கள் திரும்ப வருகிறார்கள், பதிலே வராதவர்கள் வருவதில்லை.

டொயோட்டாவின் கதை இதற்குத் துணை நிற்கும். 1950-ல் எய்ஜி டொயோடா அமெரிக்கா போய் டெட்ராய்ட் பக்கத்தில் ஃபோர்டு கம்பெனியின் ரூஜ் ஆலையைப் பார்த்தார். அங்கே இருந்த ஆலோசனைத் திட்டம் அவர் மனதில் பதிந்தது. 1951-ல் டொயோட்டாவில் அதைத் தொடங்கினார்கள். அது இன்றுவரை நடக்கிறது. அங்கே யோசனை சொன்னவரின் நேர் மேலாளரே அவரோடு உட்கார்ந்து அதைச் செப்பனிடுகிறார். பரிசுத் தொகை சிறியது, ஏற்கப்படும் யோசனைகளும் பெரும்பாலும் சிறியவை: ஒரு தட்டின் உயரத்தை மாற்றுவது, ஸ்பேனரைக் கை எட்டும் இடத்தில் தொங்கவிடுவது. வருஷக்கணக்கில் அவை சேரும்போது ஆலையே மாறிவிடுகிறது.

சிறு செலவுக்கு அதிகாரத்தையும் கீழே கொடுங்கள். மேலே சொன்ன ட்ரூ ஒரு மெஷின் வாங்கக் கேட்டபோது அனுமதி கிடைக்கவில்லை. 100 டாலர் வரை அவரே கையெழுத்துப் போடலாம் என்று இருந்ததால், 99 டாலர் பில்களாகப் பிரித்து வாங்கி வேலையை முடித்தார் என்று அந்த நிறுவனத்திலேயே சொல்வார்கள். உங்கள் ஆட்களை அப்படி மறைத்துச் செய்யும் நிலைக்கு விடவேண்டாம். ஃபோர்மேன் உங்களைக் கேட்காமலே ஆயிரமோ இரண்டாயிரமோ செலவு செய்து ஒரு ஜிக் (வேலைப் பொருளைச் சரியாகப் பிடித்து வைக்கும் துணைக்கருவி) அடித்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். பில் மட்டும் வரட்டும்.

ஐந்தாம் படி: ஒரு மெஷின், ஒரு ஷிப்ட், ஒரு கடை

யோசனை பிடித்துப்போனால் உடனே எல்லா இடத்திலும் மாற்றத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில், குறித்த நாள்வரை. ஆரம்பிக்கும் முன் இப்போதைய நிலையை எழுதிவையுங்கள்: ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ், எவ்வளவு ஸ்க்ராப், எத்தனை புகார். இதை எழுதாமல் ஆரம்பித்தால் கடைசியில் "நல்லா இருக்கிற மாதிரி இருக்கு" என்பதற்கு மேல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

சோதனை தோற்றால் யோசனை தோற்றது என்று அர்த்தம் இல்லை. கோவை அருணாசலம் முருகானந்தம் விலை குறைந்த சானிட்டரி நாப்கின் செய்ய இறங்கி முதலில் பஞ்சில் செய்தார், அது சரிப்படவில்லை. கடையில் விற்கும் நாப்கினில் இருப்பது பருத்திப் பஞ்சு இல்லை, மரக்கூழிலிருந்து வரும் நார் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஆண்டுகள் பிடித்தன. அதன் பிறகே அந்தக் கூழை உடைத்து நாப்கின் செய்யும் எளிய மெஷின் உருவானது. 2016-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பொருள் தப்பா, செய்முறை தப்பா, கேட்ட கேள்வியே தப்பா என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவரைக் கரை சேர்த்தது.

சில சமயம் பொருள் நன்றாகவே இருக்கும், மக்களிடம் கொண்டுபோன விதம் தப்பாக இருக்கும். 3எம் நிறுவனத்தின் ஸ்பென்சர் சில்வர் 1968-ல் லேசாக ஒட்டிப் பிரியும் பசையைக் கண்டுபிடித்தார், அதை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. 1974-ல் அவருடைய சக ஊழியர் ஆர்ட் ஃப்ரை, சர்ச்சில் பாடும்போது பாட்டுப் புத்தகத்திலிருந்து விழுந்துகொண்டே இருந்த அடையாளச் சீட்டை நினைத்து, அந்தப் பசைக்கு வேலை கண்டுபிடித்தார். 1977-ல் சில ஊர்களில் விற்றுப் பார்த்தார்கள், போகவில்லை. அடுத்த வருஷம் பாய்ஸி என்ற ஊரில் ஆபீஸ்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோர் காசு கொடுத்து வாங்குவோம் என்றார்கள். 1980-ல் அமெரிக்கா முழுக்க போஸ்ட்-இட் என்ற ஒட்டுச் சீட்டு வந்தது. கையில் எடுத்துப் பழகினால்தான் அருமை தெரியும் பொருளை அலமாரியில் வைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். உங்கள் புதுப் பொருளும் அப்படிப்பட்டதா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆறாம் படி: அடுத்த தொழிலைப் போய்ப் பாருங்கள்

மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் ஓய்வுக்குப் பிறகு 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஒரே தரத்தில், பெரிய எண்ணிக்கையில், குறைந்த செலவில் ஒரு வேலையை எப்படிச் செய்வது என்பதற்கு அவர் உதாரணமாகக் காட்டியது மெக்டொனால்ட்ஸ் உணவகங்களை. அரவிந்தில் ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேஜை. ஒன்றில் அறுவை சிகிச்சை நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளியைத் தயார்செய்து வைத்திருப்பார்கள். இறக்குமதி செய்த கண் லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டாமல் இருந்ததால் 1992-ல் ஆரோலேப் தொடங்கி லென்ஸைத் தாங்களே செய்தார்கள். ஓனோவும் இப்படித்தான்: எடுத்த சரக்கை மட்டும் திரும்ப நிரப்பும் அமெரிக்க சூப்பர்மார்க்கெட் முறையைக் கார் ஆலைக்குள் கொண்டுவந்தார்.

உங்கள் தொழிலின் சங்கக் கூட்டத்துக்குப் போனால் உங்களைப் போலவே செய்பவர்களைத்தான் பார்ப்பீர்கள். அச்சகக்காரர் ஒரு பெரிய ஓட்டல் கிச்சனைப் பார்க்கட்டும். பேக்கரிக்காரர் ஒரு பவுண்டரியைப் பார்க்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு தொழிலாளர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், அந்த நாளுக்குச் சம்பளம் உண்டு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். திரும்பும் வழியில் வண்டியில் நடக்கும் பேச்சைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காசும் பயமும்

யோசனை சொன்னவருக்கு லாபத்தில் சதவீதம் தருவதாக ஆரம்பத்திலேயே வாக்குக் கொடுக்க வேண்டாம். எவ்வளவு மிச்சமானது, இரண்டு பேர் சேர்ந்து சொன்னால் யாருக்கு எவ்வளவு என்று கணக்கில் சண்டை வரும். செய்து பார்க்கப்பட்ட ஒவ்வொரு யோசனைக்கும் ஒரே மாதிரி சிறு தொகை, ஆயுத பூஜை அன்று எல்லார் முன்னிலையிலும் பெயர் சொல்லிப் பாராட்டு. புது ஜிக்குக்குச் சொன்னவர் பெயரையே வைத்துவிடுங்கள். உண்மையிலேயே பெரிய லாபம் வந்தால் போனஸில் நீங்களாகவே சேர்த்துக் கொடுங்கள்.

பயம் இதைவிடப் பெரிய விஷயம். பீஸ் ரேட்டில் வேலை செய்பவர் வேகமாகச் செய்ய ஒரு வழி கண்டுபிடித்து, அதைக் காட்டிய மறுமாதமே ரேட்டைக் குறைத்தால், அந்தக் கூரையின் கீழ் இனி யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். ஆறு பேர் செய்ததை நான்கு பேர் செய்யலாம் என்ற யோசனை வந்து இரண்டு பேர் வீட்டுக்குப் போனால் அப்போதும் இதே கதைதான். "உங்க யோசனையால யாருக்கும் வேலை போகாது, ரேட்டும் குறையாது, மிச்சமாகும் ஆளை வேற வேலையில போடுவேன்" என்று எல்லாரையும் கூட்டிச் சொல்லுங்கள். சொல்லும் முன் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் இந்த வேலையையே இப்போதைக்குத் தொடங்காதீர்கள்.

பாதுகாப்பில் மட்டும் சோதனை கிடையாது. பிரஸ் மெஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றினால் வேகம் கூடும் என்ற யோசனைக்குப் பலகையில் இடமே இல்லை.

புதிதாக ஒரு கருவியே உருவாகிவிட்டால்

அதைக் கண்காட்சியில் வைப்பதற்கும் யூடியூபில் போடுவதற்கும் முன்னால் ஒரு பேட்டன்ட் ஏஜென்ட்டைப் பாருங்கள். வெளியே காட்டிவிட்ட பொருளுக்குப் பிறகு காப்புரிமை கிடைப்பது கடினம். இந்தியாவில் முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டு, 12 மாதத்துக்குள் முழு விவரத்தையும் கொடுக்கலாம். கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு உரிமை. நாட்டில் உள்ள நான்கு காப்புரிமை அலுவலகங்களில் ஒன்று சென்னை கிண்டியில் இருக்கிறது. கண்டுபிடித்த தொழிலாளியின் பெயரை விண்ணப்பத்தில் சேருங்கள், உரிமை யாருக்கு என்பதை அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

முதல் மூன்று மாதம்

முதல் மாதம் தொல்லை கேட்பதும் பலகை மாட்டுவதும் மட்டும். வரும் முதல் யோசனைகளில் மிக எளிதானதை, உடைந்த நாற்காலியை மாற்றுவதாக இருந்தாலும், அன்றே செய்துவிடுங்கள். இரண்டாம் மாதம் ஒரு தாள் சுற்றும் ஒரு சோதனையும். மூன்றாம் மாதம் வெளியே ஒரு பயணம்.

மூன்றாம் மாதத்தில் யோசனைகள் குறையத் தொடங்கும், அநேகமாக எல்லா இடத்திலும் குறையும். அப்போது புதுப் பரிசு அறிவிக்கவோ பெரிய கூட்டம் போடவோ வேண்டாம். பலகையை மேலிருந்து கீழே படியுங்கள். நான்காவது கட்டம் காலியாக இருக்கும் வரி எது, அதைச் சொன்னது யார் என்று பாருங்கள். அன்றைய ஷிப்ட் முடிவதற்குள் அவர் மெஷின் பக்கத்துக்குப் போய்ப் பதிலைச் சொல்லுங்கள்.